பழவங்காடியிலிருந்து பழவங்காடிக்கு

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் ஊருக்குப் புறப்படும்போது பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போவது வழக்கம். திரும்பி வந்ததும் இன்னொன்று உடைப்பதுண்டு. சென்ற ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமையன்று, விடிவதற்கு முன்பே நாங்கள் நால்வரும் அச்சன்னிதியில் நின்றோம். நான், என் மனைவி, எண்பத்திரண்டு வயதான என் தாயார், ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள். காரில் மூன்று நாள் பயணம். காட்டு வழியாகச் செங்கோட்டைக்குப் போய், கடலோரமாகத் திரும்பி வருவதென்று ஏற்பாடு.

வழியை வகுத்தவர் அம்மாதான். “போகும்போது மலையைப் பார்க்க வேண்டும், வரும்போது கடலைப் பார்க்க வேண்டும், பிறகு நீ சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்” என்று சொல்லியிருந்தார்.

கையெழுத்து எதற்கென்று அன்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டையில் எங்களுக்கு ஒரு பழைய ஓட்டு வீடு உண்டு. அம்மாவின் பெயரில் இருப்பது. பதினைந்து ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்து, பின்கட்டுச் சுவர் சென்ற மழையில் சாய்ந்துவிட்டது. மூத்த மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக நான் பட்ட கடனும் ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்காரர் நல்ல விலைக்குக் கேட்டார். நானும் சரியென்றேன். சரியென்றதோடு நில்லாமல், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், முன்பணமும் வாங்கிவிட்டேன். இது மட்டும் அம்மாவுக்குத் தெரியாது என்று எண்ணிக்கொண்டுதான் அன்று தேங்காயை ஓங்கி அடித்தேன்.

பழவங்காடிப் பிள்ளையாரைப் பற்றி ஒரு செய்தி. அவர் இவ்வூரில் தொடக்கம் முதல் இருந்தவர் அல்லர். திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்தில் இருந்த காலத்தில், அங்கிருந்த படைவீரர்கள் வணங்கி வந்த மூர்த்தி அவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது படையும் மாறிற்று. படையோடு பிள்ளையாரும் வந்து சேர்ந்தார். இன்றும் அக்கோயிலைப் பேணி வருவது இந்திய இராணுவந்தான். பிழைப்பை நாடித் தெற்கிலிருந்து இந்நகருக்கு வந்த நம் முன்னோர்களுக்கு முன்பே, அதே வழியாக வந்து குடியேறியவர் அவர். நம்மவர்க்கு அவரிடம் தனி உரிமை இருப்பதில் வியப்பில்லை.

மலை வழி

பேரூர்க்கடையையும் நெடுமங்காட்டையும் தாண்டியதும் பொழுது புலர்ந்தது. சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள். ஒவ்வொரு மரத்தின் மார்பிலும் ஒரு சிரட்டையும், மழை நீர் விழாதபடி ஒரு பிளாஸ்டிக் பாவாடையும் கட்டப்பட்டிருந்தன. இது காடன்று, தோட்டம். உண்மையான காட்டைப் பார்க்க இன்னும் உள்ளே போக வேண்டும்.

பாலோட்டுக்கு அருகே, 1979இல் நிறுவப்பட்ட ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டமும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. இந்த நிலையத்தின் புகழுக்கு ஒரு சிறு செடியும் காரணம். 1987இல் ஆராய்ச்சியாளர் சிலர் அகத்தியமலைக் காட்டில் ஏறியபோது, வழி காட்டிய காணிக்காரர்கள் களைப்புத் தோன்றாமல் நடந்தார்களாம். இடையிடையே அவர்கள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டிருந்ததைக் கண்டு விசாரித்ததில், ‘ஆரோக்கியப் பச்சை’ என்னும் செடி வெளிச்சத்துக்கு வந்தது. அதிலிருந்து ஒரு மருந்து செய்து, 1995இல் அதன் உரிமையை ஒரு மருந்து நிறுவனத்துக்கு வழங்கினார்கள். கிடைத்த பணத்தில் பாதி காணி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. காட்டு மக்களின் அறிவுக்கு விலை கொடுத்த முதல் முயற்சிகளுள் ஒன்றென்று உலக நாடுகள் இன்றும் இதனை எடுத்துக் காட்டுகின்றன. காணிக்காரர்கள் பொதிகையின் இரு பக்கங்களிலும், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், வாழ்கிறார்கள். மலைக்கு எல்லைக்கோடு பிற்காலத்தில் வந்தது.

மகள் முன் இருக்கையில் அமர்ந்து, வழியிலுள்ள பலகைகளையெல்லாம் ஆச்சிக்கு வாசித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். மலையாள எழுத்தைத் தண்ணீர் போல் வாசிக்கிறாள். வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். ஆனால், தமிழ் எழுத்தில் அவளுக்கு ‘அம்மா’, ‘அப்பா’ என்பவற்றுக்கு மேல் தெரியாது. இது யார் குற்றம் என்று கேட்டால் நான் தலை குனிய வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் இல்லை, நேரம் இல்லை என்று ஆண்டுக்கொரு காரணம் சொல்லி ஆறு ஆண்டுகளைக் கழித்துவிட்டேன்.

மடத்தறையைத் தாண்டிக் குளத்தூப்புழையை அடைந்தபோது சாரல் பிடித்துக்கொண்டது. அங்கே கல்லடையாற்றின் கரையில் சாஸ்தா பாலகனாக வீற்றிருக்கிறார். கோயில் துறையில் உள்ள மீன்களைப் பிடிப்பது வழக்கமில்லை. அவை பகவானின் செல்லப் பிள்ளைகள். நாம் இரை போட்டால் கரைக்கே வந்து முட்டி மோதுகின்றன. “இவற்றுக்கு ஆடி வெள்ளி என்று தெரிந்திருக்கிறது, ஆச்சி” என்றாள் மகள்.

கோயிலுக்கு வெளியே ஒரு தேநீர்க் கடையில், அம்மாவை ஒத்த வயதுடைய ஒரு மூதாட்டி இருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டதும், “தமிழா?” என்று ஆவலோடு எழுந்து வந்தார். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலே பிறந்தவர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய இலட்சக்கணக்கானோரில் அவர் குடும்பமும் ஒன்று. அப்படித் திரும்பியவர்களுக்கு வாழ்வளிக்க 1976இல் புனர்வாழ்வுத் தோட்ட நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டு, குளத்தூப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர்த் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. அங்கே கொழுந்து கிள்ளிய கை இங்கே ரப்பர்ப்பால் எடுத்தது.

“உங்க பேத்தி தமிழ் படிக்குதா, அம்மா?” என்று அந்த மூதாட்டி கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் தேநீர்க் குவளையைப் பார்த்தேன்.

“எங்க பேத்திக்கும் பேசத்தான் வரும். எழுத்து மலையாளந்தான். என் காலம் வரைக்கும் பேச்சிருக்கும், அப்புறம் எப்படியோ?” என்று சொல்லிவிட்டு, மகளின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டு அவர் போய்விட்டார். கடல் கடந்து போய், மீண்டும் கடல் கடந்து வந்து, பழகாத மலைச் சரிவில் வேர் ஊன்றிய ஒரு குலத்தின் கவலையை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

குளத்தூப்புழைப் பக்கத்துக் காடுகளில் அபூர்வமான ஒரு பொருள் இருக்கிறது. காட்டு ஜாதிக்காய் மரங்கள் நிறைந்த சதுப்பு நிலங்கள் அவை. ஆண்டு முழுவதும் சேற்றில் நிற்கும் அம்மரங்களுக்கு மூச்சு முட்டுமல்லவா? ஆகையால் அவற்றின் வேர்கள் மண்ணுக்கு வெளியே எழும்பி, முழங்காலை மடக்கினாற்போல் வளைந்து, மீண்டும் சேற்றுக்குள் இறங்குகின்றன. அந்த வளைவின் வழியாக மரம் காற்று வாங்குகிறது. இத்தகைய சதுப்புகளில் பெரும்பாலானவை வயலாகவும் தோட்டமாகவும் மாறிப் போய்விட்டன. மிகுந்திருப்பவை சிறு சிறு துண்டுகள். பிழைக்க முடியாத இடத்தில் பிழைக்க வழி கண்ட மரத்துக்கு, அதன் சேற்றையும் பறித்துவிட்டால் எங்கே போகும்?

தென்மலையில் கல்லடையாற்றைத் தேக்கி அணை கட்டியிருக்கிறார்கள். நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காடு 1984இல் செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. செங்குறிஞ்சி என்னும் மரத்தின் பெயரே அதற்கு வாய்த்தது. இம்மரம் இம்மலைத் தொடரின் தென்கோடியில் மட்டுமே வளர்வது. இங்கேதான் மழைக்காடு தன் உண்மையான முகத்தைக் காட்டுகிறது. மேல் தளத்தில் வானளாவும் மரங்கள். அவற்றின் நிழலில் இரண்டாம் தளம். அதன் நிழலில் பிரம்பும் கொடியும் பெரணியும். நண்பகலிலும் அந்தி மயங்கினாற் போன்ற ஒளி. எங்கோ ஒரு மலையணில் கத்திற்று. காரை நிறுத்தி இறங்கியதும் என் மனைவியின் காலில் அட்டை ஏறிவிட்டது. காட்டின் அழகைப் பற்றிய எங்கள் உரையாடல் அத்துடன் முடிந்தது.

கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தைக் கண்டதும் அம்மா காரை நிறுத்தச் சொன்னார். கல்லால் கட்டிய பதின்மூன்று வளைவுகளின்மேல் செல்லும் இருப்புப் பாதை அது. கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த மீட்டர் கேஜ் பாதை 1904இல் திறக்கப்பட்டது. பாதையை அகலமாக்குவதற்காக 2010இல் இம்மலைப் பகுதியில் வண்டிகளை நிறுத்தினார்கள். 2018இல் அகலப் பாதையில் மீண்டும் வண்டி ஓடிற்று.

“1962இல் கல்யாணமாகி இந்த வண்டியில்தான் வந்தேன். உன் அப்பா ஜன்னலோரம் எனக்கு இடம் கொடுத்தார். இந்தப் பாலத்தில் வண்டி ஏறினபோது பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஆகையால் நான் இதைப் பார்த்ததேயில்லை. இப்போதுதான் பார்க்கிறேன்” என்றார் அம்மா. மழையில் நனைந்துகொண்டே நெடுநேரம் பார்த்தார்.

ஆரியங்காவில் சாஸ்தாவைத் தொழுதோம். மதுரைச் சௌராஷ்டிர மக்கள் இவரைத் தங்கள் மருமகனாகக் கொண்டாடுகிறார்கள். ஆண்டுதோறும் மண்டல காலத்தில் சம்பந்தி வீட்டார் என்ற முறையில் வந்து, புஷ்கலா தேவியின் திருமணத்தை நடத்துகிறார்கள். குஜராத்திலிருந்து மதுரைக்கு வந்த ஒரு மக்கள், மலையாள நாட்டுத் தெய்வத்துக்குப் பெண் கொடுத்து உறவு கொண்டாடுவது இந்த மலைக் கணவாயில் நடக்கிறது. கணவாய் என்பது பிரிக்கும் இடமல்ல, சேர்க்கும் இடம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

செங்கோட்டை

கோட்டைவாசலைக் கடந்து, வளைந்து வளைந்து இறங்கினால் புளியரை. மழை நின்றது; பசும் வயல்கள் விரிந்தன; காற்று வேறாயிற்று. பலகைகளும் தமிழுக்கு மாறின. மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டு மௌனமானாள். அவளுடைய ஆட்சி எல்லையோடு முடிந்துவிட்டது.

அப்போது பின் இருக்கையிலிருந்து அம்மா கேட்டார்: “முன்பணம் எவ்வளவு வாங்கினாய், ஐயா?”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தொகையைச் சொன்னேன்.

“அடுத்த வீட்டுப் பிள்ளை போன வாரமே எனக்குப் போன் செய்து, ‘பெரியம்மா, உங்களுக்குச் சம்மதந்தானே?’ என்று கேட்டான். அவனுக்குக் கேட்கத் தோன்றிற்று” என்று மட்டும் சொன்னார். ஊர் வந்து சேரும் வரை காரில் வேறு பேச்சில்லை.

செங்கோட்டையின் முகப்பில், திருவிதாங்கூரின் சங்கு முத்திரையோடு ஒரு பழைய வளைவு இன்றும் நிற்கிறது. 1911இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் பிறந்த ஊர் இது. அவர் காலத்தில் மட்டுமல்ல, 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையிலும் இவ்வூர் திருவனந்தபுரத்தின் ஆட்சியில் இருந்தது. அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும், செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. என் பெரியப்பா 1950இல் சாலைக் கடைத்தெருவுக்கு வேலைக்கு வந்தபோது, தம் நாட்டின் தலைநகருக்கு வந்தார். என் தந்தையார் 1958இல் அதே கடைக்கு வந்தபோது, அயல் மாநிலத்துக்கு வந்தார். இருவரும் வந்தது ஒரே இருப்புப் பாதையில், ஒரே பாத்திரக் கடைக்கு! “ஊரும் நகரவில்லை, நாங்களும் நகரவில்லை, நடுவே கோடு மட்டும் நகர்ந்தது” என்று அம்மா சொல்வதுண்டு.

அடுத்த வீட்டில் இரவு தங்கினோம். காலையில் எங்கள் வீட்டைத் திறந்தோம். முற்றத்தில் பப்பாளி முளைத்து ஓட்டைத் தொட்டிருந்தது. அம்மா அழுவாரென்று நான் எதிர்பார்த்தேன். அவர் துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் திண்ணையை மட்டும் பெருக்கிவிட்டு, அதில் அமர்ந்து, “பத்திரத்தைக் கொண்டு வா” என்றார்.

பத்திர எழுத்தர் எழுதித் தந்த வரைவை எடுத்து வந்தேன். ஆடியில் கிரையம் பதிவதில்லை. ஆகையால் படித்துப் பார்ப்பதற்கு மட்டுந்தான். அம்மாவுக்குக் கண்ணில் புரை. சிறு எழுத்துத் தெரியாது. நான் படிக்கத் தொடங்கினேன்.

“நீ வேண்டாம். நீ படித்துப் பார்த்துத்தானே பணம் வாங்கினாய்? என் பேத்தி படிக்கட்டும். எனக்குப் பின்னால் இதைப் பற்றிக் கேட்கப் போகிறவள் அவள்தானே? என்ன எழுதியிருக்கிறதென்று அவள் வாயால் கேட்டால்தான் கையெழுத்து.”

மகள் தாளை வாங்கிக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. மலையாள எழுத்துக்குத் தமிழ் எழுத்து உறவுதான். ஆனால், மலையாளத்தில் ககரத்துக்கு நான்கு எழுத்திருக்க, தமிழில் ஒன்றே இருப்பது அவளைத் தடுமாற வைத்தது. “கணபதிக்கும் இந்தக் ‘க’வா, காகத்துக்கும் இந்தக் ‘க’வா?” என்று கேட்டாள். “ஒரே பாத்திரத்தில் குழம்பும் வைக்கலாம், பாயசமும் வைக்கலாம், தாயி” என்றார் ஆச்சி. ‘செங்கோட்டை’ என்ற சொல்லை அவள் ஐந்து முறை முயன்று வாசித்தாள். பிறகு நான்கெல்லைகள். வடக்கே, தெற்கே, கிழக்கே, மேற்கே என்று ஒவ்வொரு திசையாக அவள் கூட்டிக் கூட்டி வாசிக்க, அம்மா அந்தந்தத் திசைக்குத் திரும்பித் தலையசைத்தார்.

‘புத்திர பௌத்திர பாரம்பரியமாக’ என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

“அப்படியென்றால் என்ன, ஆச்சி?”

“மகனும் பேரனுமாக வழிவழியாய் அனுபவிப்பது.”

“பேத்தி?”

அம்மா சிரித்துவிட்டார். அன்று முதன்முதலாகச் சிரித்தார். “பத்திரத்தில் இல்லை. ஆனால், படித்தது பேத்திதானே?” என்றார். பிறகு அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்து, “தம்பி, ஆவணியில் வருகிறோம். அதற்குள் முழுதும் படித்துவிடுவாள். அதுவரை பொறுப்பாயா?” என்று கேட்டார். “நீங்கள் உட்கார்ந்த திண்ணை எங்கே ஓடிவிடப் போகிறது, பெரியம்மா?” என்றார் அவர். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே எனக்குத் தண்டனை.

கடல் வழி

குற்றாலத்தில் நீராடி, தென்காசியில் பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த விசுவநாதர் கோயிலைத் தொழுது, பொதிகையின் கிழக்கு அடிவாரமாகத் தெற்கே சென்றோம். முதல் நாள் மேற்குப் புறத்தில் நனைந்தோம். மறுநாள் அதே மலையின் கிழக்குப் புறத்தில் வெயிலில் காய்ந்தோம். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் ஈரத்தை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு இறங்குகிறது. ஆயினும் உச்சியில் பெய்யும் மழையைத் தேக்கி வைத்து, மேற்கே நெய்யாற்றையும் கிழக்கே தாமிரவருணியையும் ஓட விடுவது அந்த மழைக்காடுதான். காடு தன் இரு பக்கத்துப் பிள்ளைகளையும் பட்டினி போடுவதில்லை. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையைச் சூழ்ந்த இக்காடுகளை 2016இல் யுனெஸ்கோ தன் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்த்தது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் ஓயாமல் சுழன்றன. மாலையில் கன்னியாகுமரி. கடல் கொந்தளித்ததால் படகு ஓடவில்லை. 1970இல் எழுந்த விவேகானந்தர் மண்டபத்தையும், 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையையும், இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தையும் கரையில் நின்றே கண்டோம். மகள் அவற்றைவிடக் கடைகளின் பெயர்ப் பலகைகளையே அதிகமாகப் பார்த்தாள். ‘சங்கு’, ‘பாசி’, ‘முறுக்கு’ எல்லாம் அவளுக்கு வசமாயின. ‘தங்கும் விடுதி’ என்பதைத் ‘தங்கம் விடுதி’ என்று வாசித்துவிட்டு, பொன்னால் ஆன விடுதியோ என்று வியந்தாள்.

மறுநாள் சுசீந்திரத்தில் தாணுமாலயனை வணங்கி, நாகர்கோவில் வழியாகத் தக்கலைக்கு வந்தோம். அருகே உதயகிரிக் கோட்டையில் டி லனாயின் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை வென்றபோது சிறைப்பட்டவர் அவர். சிறைப்பட்டவர் பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி தந்து, படைத்தலைவராகி, 1777இல் இங்கேயே இறந்தார். அவர் கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. பகைவனாக வந்த ஐரோப்பியனின் கல்லறையிலே தமிழ் இருக்க, என் வீட்டுப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் இல்லையே என்று எனக்குச் சுருக்கென்றது.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. ஆனால், அதனைக் கேரள அரசே பராமரிக்கிறது. 1956இல் நிலம் போயிற்று, வீடு போகவில்லை. கடைந்தெடுத்த மரத் தூண்களையும், கண்ணாடி போல் பளபளக்கும் கருந்தரையையும் பார்த்துக்கொண்டே வந்த அம்மா, “பெரிய இடத்திலும் ஒரு வீடு அங்கே, உடையவர் இங்கே!” என்றார்.

அவ்வரண்மனை வளாகத்தில் சரஸ்வதிக்கு ஒரு கோயில் உண்டு. கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது வழக்கு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அந்தத் தேவி யானைமேல் ஏறித் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வருகிறார்கள். களியக்காவிளை எல்லையில் இரு மாநிலக் காவலரும் மரியாதை செய்கிறார்கள். ஒன்பது நாள் விழா முடிந்ததும் மூவரும் தத்தம் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். நம்மில் பலரும் இப்படித்தான் ஆண்டுக்கொருமுறை போய் வருகிறோம். பழவங்காடிப் பிள்ளையாரோ வந்தவர் திரும்பவில்லை. திரும்பாவிட்டாலும், தெற்கிலிருந்து வந்தவர் என்ற வரலாற்றை ஒருவரும் மறக்கவில்லை. வீட்டை விற்பதா, வைத்திருப்பதா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அம்மா கேட்டது வேறொன்று. திரும்புவதைப் பற்றியல்ல, மறவாமையைப் பற்றியே அவர் கேட்டார்.

குளச்சலில் கடலோரம் சற்று நின்றோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப் பேரலை பெருங்கேடு விளைத்த கரை இது. பிள்ளைகள் அங்கே பந்தாடிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் விழிஞ்ஞம் வந்தோம். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த குடைவரைக் கோயில் ஒரு பக்கம். 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகத்தின் வானளாவிய பளுதூக்கிகள் ஒரு பக்கம். கரை அரிக்கிறது, வீடு போகிறது என்று 2022இல் இங்கே மீனவர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். பெரிய கப்பல்கள் வருவது நாட்டுக்கு நன்மைதான். கரையில் வீடிழந்தவனுக்கு அந்த நன்மை எவ்வாறு போய்ச் சேரும் என்பதும் கேட்கத் தக்கதே.

இரவு எட்டு மணிக்குப் பழவங்காடியில் இரண்டாம் தேங்காய் உடைத்தோம். இம்முறை தேங்காயை அம்மா பேத்தியின் கையில் கொடுத்தார். முதல் அடியில் உடையவில்லை. இரண்டாம் அடியில் உடைந்தது.

அன்று முதல் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் தமிழ் வாசிப்பு. புத்தகம் அந்தக் கிரையப் பத்திர வரைவுதான். ‘சர்வ சுதந்திர பாத்தியம்’ போன்ற சொற்களில் தொடங்கித் தமிழ் கற்ற பிள்ளை இந்நகரில் வேறெவரும் இருக்க மாட்டார்கள். அது முடிந்த பிறகு என் தந்தையார் அம்மாவுக்கு எழுதிய பழைய கடிதங்கள் பெட்டியிலிருந்து வெளிவந்தன. முதல் கடிதத்தில் அரிசி விலையும், சாலைத் தெரு முதலாளியின் கோபமுமே இருந்தன. ஆனாலும், அம்மா அதனை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஆவணி இரண்டாம் வாரம் செங்கோட்டையில் பத்திரம் பதிவாயிற்று. அதற்கு முன் திண்ணையில் அமர்ந்து மகள் முழுவதையும் படித்தாள். இரண்டு இடத்தில் தடுக்கிற்று. அடுத்த வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார். அம்மா எழுந்து, வாசற்படியைத் தொட்டு வணங்கிவிட்டு, “போகலாம், ஐயா” என்றார். விற்ற பணத்தில் கடனை அடைத்தேன். மகனின் கட்டணம் போக மிஞ்சியதை அம்மா பெயரிலேயே வங்கியில் போட்டேன். போடுவதற்கு முன் அவரிடம் கேட்டேன்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் எத்தனையோ பேருக்குக் கன்னியாகுமரியிலும் தென்காசியிலும் திருநெல்வேலியிலும் இப்படிப் பூட்டிய வீடுகள் இருக்கின்றன. விற்பதோ வைத்துக்கொள்வதோ அவரவர் வசதி. எதைச் செய்வதானாலும் பிள்ளைகளை ஒருமுறை மலை வழியாக அழைத்துப் போய்க் கடல் வழியாக அழைத்து வாருங்கள். மூன்று நாள் போதும்; முன்னூற்றுச் சொச்சம் கிலோ மீட்டர் தூரந்தான். வழியிலுள்ள பலகைகளை அவர்கள் வாசிக்கட்டும். தடுமாறினால் காத்திருங்கள்.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். “முன்பண விஷயத்தை ஏன் எழுதினீர்கள், அப்பா?” என்று கேட்டாள். படித்துவிட்டாள் என்று தெரிந்தது.